செயற்கைச் சந்திரனும் மாணவர் கடனும்

1957 ஒக்ரோபரில் சோவியத் நாடு செயற்கைச் சந்திரனை விண்ணில் ஏவியது. கல்வியிற் பின்தங்கிவிட்டோமோ என்று அமெரிக்கா அஞ்சிற்று. அவ்வச்சமே அங்கு மாணவர் கடனுக்கு வித்தாயிற்று. 1958 இல் சனாதிபதி ஐசனோவர் கையொப்பமிட்ட சட்டத்தின் பெயரே தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் என்பதாகும். ஆண்டுக்கு 1,000 டொலர் வரை கடன். வட்டி நூற்றுக்கு 3. அரசாங்கப் பாடசாலைகளிற் கற்பிப்போருக்கு ஆண்டுதோறும் பத்திலொரு பங்காக, ஐந்தாண்டிற் பாதிக் கடன் தள்ளுபடி. நல்லாசிரியரைத் தேடிய நாட்டுக்குத் தக்க உபாயமே.

ஆயின், பலாத்காரத்தால் அரசைக் கவிழ்க்கக் கருதும் எச்சங்கத்தையும் தான் ஆதரிப்பதில்லையென மாணவன் சத்தியக் கடதாசியும் கொடுத்தல் வேண்டும். திருப்பிச் செலுத்தும் பணத்துக்கு மனச்சாட்சியையும் ஈடு கேட்பதா? ஹார்வர்ட், யேல் சர்வகலாசாலைகள் 1959 இல் அக்கடன் திட்டத்தினின்றும் விலகின. கெனடி சனாதிபதியாயிருந்த 1962 இல் சத்தியக் கடதாசி நீக்கப்பட்டது. விசுவாசப் பிரமாணம் மட்டும் எஞ்சியது.