வீட்டுக் கூரை வடிவங்கள்: சாமல்பட்டி வட்டாரம்

சாமல்பட்டி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரைக்கு அருகே, ஜோலார்பேட்டை–சேலம் ரயில் தடத்தில் உள்ள ஊர். மாவட்டத்தின் மறுகோடியில், கர்நாடக எல்லையை ஒட்டி ஓசூர்த் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்களில் புல் கூரை, கல் கூரை, நாட்டு ஓடு, மங்களூர் ஓடு, ஷீட்டு, தார்சு (கான்கிரீட் தட்டைக் கூரை) எல்லாவற்றையும் இன்றும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். கூரையின் வடிவத்தை வீட்டுக்காரர் விருப்பப்படி தேர்ந்தெடுத்ததாகத்தான் வெளியே தெரியும். உண்மையில் அந்தந்தக் காலத்தில் கைக்கு எட்டிய பொருளே பெரும்பாலும் அதை முடிவு செய்தது. புல்லுக்குச் செங்குத்தான சரிவு வேண்டும், ஓட்டுக்கு நடுத்தரச் சரிவு போதும், ஷீட்டு அதைவிடக் குறைந்த சரிவிலும் நிற்கும். கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் தண்ணீர் ஓடும் அளவு சாய்வு இருந்தாலே சரி.

புல் கூரை மிகப் பழையது. தென்னங்கீற்று, கரும்புச் சோகை, மலையடிவாரப் புல் என்று எது கிடைத்ததோ அதை வேய்ந்தார்கள். புல்லுக்குள் இறங்கும் துளி அடுத்த அடுக்கை நனைக்குமுன் வழிந்து ஓட வேண்டும் என்பதால் சரிவை 45 பாகையை ஒட்டி வைப்பார்கள். தாழ்ந்த இறவாரம் மண்சுவரைச் சாரலிலிருந்து காத்தது. வட்டக் குடிசையானால் கூம்பு, நீள் வீடானால் இரண்டு பக்கச் சாய்ப்பு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து மேய வேண்டும், தீப்பொறிக்கும் அஞ்ச வேண்டும். பின்னாளில் அரசின் வீட்டுத் திட்டங்கள் எல்லாம் குறிவைத்தது இந்தக் கூரையைத்தான்.

இந்த மாவட்டத்தில் தனித்துத் தெரியும் வடிவம் கல் கூரை. அதன் முன்னோடியைப் பார்க்க சூளகிரி அருகே மல்லச்சந்திரத்துக்குப் போக வேண்டும். அங்கே குன்றின் மேல் பெருங்கற்காலக் கல்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. நிறுத்தி வைத்த பலகைக் கற்களின் தலையில் ஒரே கல்லை மூடியாகப் போட்டவை அவை. இறந்தவர்களுக்காகக் கட்டியவைதான், ஆனால் சுவர்க்கல், மேலே குறுக்கே ஒரு பலகை என்ற கட்டுமான முறை உயிருள்ளவர்களின் வீட்டிலும் மாறவில்லை. பாறையின் மேல் விறகடுக்கித் தீ மூட்டினால் மேற்படலம் சூடேறி விரிந்து, அடிப்பாறையை விட்டுத் தகடாகக் கழன்று கொள்ளும். அதில் உளியால் வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு வைத்து அடித்தால் நீளமான பலகைகள் கிடைக்கும். வீட்டுக் கூரைக்குப் போனது போக மீதியை வயல் வேலிக்கு நட்டார்கள். ஓசூர்ப் பக்கம் அந்தக் கல்வேலிகளை இன்றும் காணலாம்.

கல் பெரும் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் வளைவைத் தாங்காது. இரு சுவர்களில் முனைகளை ஊன்றி நடுவில் அந்தரமாக நிற்கும் பலகையின் அடிப்பக்கம் எப்போதும் இழுபட்டுக் கொண்டே இருக்கும். அதனால்தான் கல் வீட்டு அறைகள் எட்டு, ஒன்பது அடிக்கு மேல் அகலமாவதில்லை. அகலம் தேவையானால் நடுவே கல்தூண் நட்டு உத்திரம் போட வேண்டும். அறை குறுகலாக இருப்பதைக் கஞ்சத்தனம் என்று நினைக்கிறவர்கள் உண்டு; கூரைதான் அந்த அளவை விதித்தது. பலகைகளின் இடைவெளியைச் சுண்ணாம்புக் காரையால் அடைத்து, மேலே சாய்வாகக் காரை பூசி முடிப்பார்கள். இப்படி ஒரு வீட்டில் குடியிருப்பவர், அல்லது வாங்க நினைப்பவர், அண்ணாந்து பார்க்க வேண்டியது பலகையின் நடுப்பகுதியை. இரண்டு பலகைகளுக்கு இடையிலான இணைப்பில் நீர் கசிந்தால் காரை வேலையோடு முடிந்துவிடும். ஒரே பலகையின் நடுவில், குறுக்காக மயிரிழை விரிசல் ஓடினால் அது வேறு கதை: அன்றே கீழே முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

நாட்டு ஓடு குயவர் சக்கரத்தில் வனைந்த குழாயை இரண்டாகப் பிளந்து சுட்டது. ஒரு வரிசையை மல்லாத்தி, அடுத்ததைக் கவிழ்த்து, அடுக்கடுக்காக மேய்வார்கள். ஒன்றோடொன்று பூட்டிக் கொள்ளாது, எடையால் மட்டுமே நிற்கும். ஆகவே சரிவு அதிகமானால் ஓடு நழுவும், குறைந்தால் நீர் உள்ளே ஏறும். பூனையும் குரங்கும் கலைத்துவிட்ட ஓடுகளை ஆண்டுதோறும் மழைக்கு முன் ஆள் வைத்துச் சீராக்க வேண்டியிருந்தது.

பூட்டிக் கொள்ளும் ஓடு ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிரான்சின் ஆல்சேஸ் பகுதியில் கிலார்டோனி சகோதரர்கள் 1841இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். கிறிஸ்தவ மறைப்பணி அமைப்பான பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். பிறகு கோழிக்கோடு வட்டாரத்திலும் தொழிற்சாலைகள் எழுந்தன. சென்னையிலிருந்து கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர் கடற்கரைக்குப் போகும் ரயில் பாதை அதற்குள் 1862இல் முழுமையாகியிருந்தது. சாமல்பட்டி அந்தப் பாதையில்தான் இருக்கிறது. மேற்குக் கடற்கரை ஓடு உள்நாட்டு ஊர்களுக்கு வர வழி ஏற்கெனவே திறந்திருந்தது.

மங்களூர் ஓடு ஒன்று இரண்டு முதல் மூன்று கிலோ எடை. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடு போதும் என்பதால் பல அடுக்கு நாட்டு ஓட்டை விட மரச்சட்டத்துக்குச் சுமை குறைந்தது. கைமரமும் ரீப்பரும் மெலிந்தன, அறைகள் அகலமாயின. எளிய வீடுகள் இரண்டு பக்கச் சாய்ப்போடு நின்றன. அதில் பக்கச் சுவர் முக்கோணமாக முகடு வரை ஏறும். மழையும் காற்றும் நேரே அடிக்கும் சுவர் அது. நாலு பக்கமும் சாய்ப்பு வைத்தால் எல்லாச் சுவருக்கும் இறவாரம் கிடைக்கும், காற்றையும் நன்றாகத் தாங்கும். ஆனால் மூலைக் கைமரம் வேண்டும், மூலையில் ஓட்டைக் கோணலாக வெட்ட வேண்டும். இந்தச் செலவைப் பயணியர் மாளிகைகளும் வசதிக்காரர் வீடுகளும்தான் ஏற்றன. தொட்டிக் கட்டு வீடுகளில் சரிவுகள் முற்றத்தைப் பார்த்து உள்நோக்கி இறங்கும். இரண்டு சரிவு கூடும் கூடல்வாயில் அவற்றின் நீர் குவியும். பழைய ஓட்டு வீட்டில் மரம் உளுத்திருக்கிறதா என்று தேடுகிறவர் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டிய இடமும் அந்தக் கூடல்வாய் மரம்தான்.

தட்டைக் கூரை இங்கே புதிதல்ல. தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கல்லைச் சாய்வாகக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் மாடிகள் நகரங்களில் இருந்தன. கிராமம் வரை தார்சு வந்ததற்குக் காரணம் சிமெண்ட். சிமெண்ட் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில் மூட்டைக்குப் பர்மிட் கேட்டு அலைய வேண்டியிருந்தது. 1982இல் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989இல் முற்றிலும் நீங்கியது. அதன் பிறகுதான் கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவது ஊர்க் கொத்தனார் வேலையானது. கல்லால் தாங்க முடியாத அந்த அடிப்பக்க இழுவிசையைக் கான்கிரீட்டில் கம்பி வாங்கிக் கொள்கிறது. அறைகள் மேலும் அகலமாயின. மேலே இன்னொரு மாடி எழுப்பலாம் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்தது. மொட்டை மாடியில் நீட்டி நிற்கும் துருக்கம்பிகளுக்கு அதுதான் விளக்கம்.

அரசுத் திட்டங்கள் தட்டை வடிவத்தை நிலைநாட்டின. 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற முனைந்தது. 2011இல் வந்த பசுமை வீடுகள் 300 சதுர அடி. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி. அதில் 300 கான்கிரீட் கூரையாக இருக்க வேண்டும், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத எந்தக் கூரையும் பயனாளி விருப்பப்படி போட்டுக் கொள்ளலாம். தார்சின் குறை எல்லாருக்கும் தெரியும்: ஏப்ரல், மே பகலில் வாங்கிய வெப்பத்தை இரவு முழுக்க உள்ளே இறக்கும்.

ஷீட்டுக் கூரை தொழிற்பேட்டைகளோடு பரவியது. ஓசூரில் சிப்காட் வந்ததும், அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் ஆலை அமைத்ததும், தொழிலாளர் குடியிருக்க லைன் வீடுகள் பெருகின. அவற்றுக்கு மலிவான ஒரு பக்கச் சாய்ப்பு போதுமானதாக இருந்தது. முதலில் ஆஸ்பெஸ்டாஸ், இப்போது கலர் ஷீட்டு. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பழைய ஷீட்டை அறுப்பதும் துளையிடுவதும் உடைப்பதும்தான் அதிகமாகத் தூளைக் கிளப்பும். கலர் ஷீட்டுக்கு எதிரி கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்று. காற்று ஷீட்டை மேலிருந்து அழுத்துவதை விட இறவார விளிம்பில் கீழிருந்து தூக்குவதே அதிகம். மேலே கருங்கல்லைத் தூக்கி வைப்பது பழக்கம், ஆனால் ஷீட்டு பறந்தால் கல்லும் பறக்கும். விளிம்பு வரிசையில் ஜே போல்ட்டை நெருக்கமாகப் போடுவதே பாதுகாப்பு.

ஒரே பக்கத்தில் இரண்டு விதச் சரிவு கொண்ட மான்சார்ட் போன்ற வடிவங்கள் கூரைக்கு அடியில் குடியிருக்க இடம் கிடைப்பதற்காக ஐரோப்பாவில் எழுந்தவை. இங்கே சில பங்களாக்களில் கான்கிரீட்டைச் சாய்த்து வார்த்து, மேலே ஓடு ஒட்டிப் படம் காட்டுகிறார்கள். அழகு உண்டு, ஆனால் ஓட்டுக்கு அடியில் காற்று போக வழியில்லாததால் ஓட்டு வீட்டுக் குளிர்ச்சி கிடைக்காது.

எந்தக் கூரைக்கும் கடைசிச் சோதனை மழைதான். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 503 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஆயிரம் சதுர அடி மாடியில் அது 46,000 லிட்டருக்கு மேல். சரிந்த கூரை அதைச் சுற்றிலும் கொட்டிவிடும். சுற்றுச்சுவர் கட்டிய தட்டைக் கூரையில் குழாய் அடைத்தால் அது தொட்டியாகிவிடும். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில் நான்கங்குலக் குழாய் ஒன்று சுமார் 40 சதுர மீட்டர் கூரைக்குத்தான் ஈடுகொடுக்கும் என்பது கட்டிடத்துறைக் கணக்கு. அப்படியானால் ஆயிரம் சதுர அடிக்கு மூன்று குழாய் வேண்டும். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பல வீடுகளில் ஒரு குழாயை மட்டும் கீழே இறக்கித் தொட்டியில் விட்டார்கள். சட்டத்துக்கு அது போதும். 2024 போன்ற மழைக்கு, குழாய்வாய்க்குச் சற்று மேலே சுற்றுச்சுவரில் ஒரு வழிவுத் துளையாவது கூடுதலாகத் தேவை.