ஊர் ஏடும் கோயில் ஏடும்

பழைய ஏற்பாட்டில் எஸ்ரா ஆகமத்திலே ஒரு நிகழ்ச்சி வருகிறது. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூத மக்கள் எருசலேம் ஆலயத்தை மீண்டும் எழுப்பத் தொடங்கினார்கள். அப்பகுதியின் ஆளுநர் வந்து, யார் கொடுத்த அனுமதியின்பேரில் கட்டுகிறீர்கள் என்று கேட்டார். மூப்பர்கள் சண்டைக்குப் போகவில்லை. வேலையை விட்டுவிட்டு ஓடவுமில்லை. சீருஸ் மன்னர் அனுமதி தந்திருக்கிறார், அரசாங்க ஏடுகளைத் தேடிப் பார்க்கட்டும் என்றார்கள். விஷயம் தாரியுஸ் மன்னருக்குப் போயிற்று. பாபிலோனில் தேடினார்கள். ஏடு கிடைத்ததோ அங்கே அல்ல. தொலைவிலிருந்த மேதியா நாட்டு எக்பத்தானாக் கோட்டையிலே! அந்த ஒரு சுருளின் பலத்தால் ஆலயப் பணி தொடர்ந்து, கி.மு. 515-இல் நிறைவுற்றது.

அன்பார்ந்த பங்கு மக்களே, இந்தப் பொன்விழா ஆண்டில் நமக்கும் இப்படி ஒரு தேடல் நேர்ந்தது. நம் கோயிலுக்கு வரும் சந்தைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். நம் தேர் வருவதும் அதன் வழியே, நம் இறந்தோர் கடைசியாகப் போவதும் அதன் வழியே. அது பொதுத் தெருவா, தனியார் மனையா என்ற பேச்சு எழுந்தபோது, பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில், "கார்ப்பரேஷன் போட்ட ரோடு சாமி, எங்கள் சின்ன வயசிலேயே விளக்குக் கம்பம் நட்டார்கள்" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் வாய்மொழி கேட்க ஆள் இருக்கும்வரைதான் நிற்கும். எழுத்து, ஆள் போன பின்னும் நிற்கும். ஆகவே ஏட்டைத் தேடிப் புறப்பட்டோம். அந்தத் தேடலில் நான் கற்றதை உங்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே மிகப் பழமையானது. கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பரில் வழங்கிய பட்டயத்தின்படி, 1688 செப்டம்பர் 29-ஆம் நாள் அது தொடங்கப்பெற்றது. அன்று அதிதூதர் மிக்கேல் திருநாள். நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயரானார். அவரோடு அமர்ந்த ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயர் மட்டுமல்லர், போர்த்துக்கீசிய வணிகரும் யூதரும் இந்துக்களும் இருந்தார்கள். வரி என்று வந்தால் கணக்கு வேண்டும்; கணக்கு என்றால் ஏடு வேண்டும். இப்படி மூன்று நூற்றாண்டுக்கு மேலாக இந்நகர் எழுதி வந்திருக்கிறது.

மாநகராட்சியின் தலைமையகமான வெண்ணிற மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. அது ரிப்பன் பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்பது பலருக்கும் தெரியும். அவர் 1874-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர் என்பது நம்மில் சிலருக்கே தெரியும். இங்கிலாந்தில் அதனால் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தும், 1880-இல் அவர் இந்தியாவின் வைசிராயாக வந்தார். ஊர்க் காரியத்தை ஊர் மக்களே நடத்தட்டும் என்னும் தலசுய ஆட்சித் தீர்மானத்தை 1882-இல் அவர் வெளியிட்டார். "ரிப்பன் எங்கள் அப்பன்" என்று நம் முன்னோர் அவரை அன்போடு சொல்வதுண்டு. இதற்கு முந்திய ஆண்டாகிய 1881-இல்தான் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர், வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை அறிஞர்களுக்குத் திறந்துவிட்டார்.

ஆனால் ஊராட்சி மக்கள் கைக்கு வந்தாலும், ஏட்டைப் பார்க்கும் உரிமை உடனே வந்துவிடவில்லை. உலகில் முதன்முதலாக அதற்குச் சட்டம் செய்த நாடு சுவீடன், 1766-இல். அதற்குப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஆந்தர்ஸ் சிடேனியுஸ் என்னும் லுத்தரன் சபைக் குரு. நம் நாட்டில் இந்த உரிமைக்காக ஓங்கிக் குரல் கொடுத்தவர்கள் இராஜஸ்தானத்துக் கூலித் தொழிலாளர்கள். வேலை செய்தோம், கூலி முழுதாக வரவில்லை, மஸ்டர் ரோலைக் காட்டுங்கள் என்று 1990-களில் அவர்கள் ஊர்ப் பொதுவில் அமர்ந்து கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பலர் அக்கூட்டத்தில் இருந்தார்கள். 1997-இல் தமிழகம் தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. 2005 அக்டோபர் 12 முதல் மத்திய சட்டம் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டப்படி குடிமகன் எவரும் மனு செய்யலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் மனுக் கட்டணம் 10 ரூபாய். கோர்ட்டு வில்லையாகவும் ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவும் இல்லை. மனுவைப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், 30 நாளுக்குள் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது. நகல் மட்டுமல்ல, ஏட்டையே நேரில் பார்க்கவும் கேட்கலாம். ஆயினும் எல்லாத் தாளும் எல்லாருக்கும் கிடைக்காது. அடுத்தவருடைய அந்தரங்க விவரங்களை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டு, அது நியாயமே.

எங்கள் முதல் மனு பலிக்கவில்லை. தவறு எங்களுடையதே. "எங்கள் கோயில் தெரு சம்பந்தமான எல்லா ஆவணங்களும் வேண்டும்" என்று எழுதியிருந்தோம். எந்தக் குமாஸ்தா இதற்கு விடை சொல்ல முடியும்? மறுமுறை உட்கார்ந்து யோசித்தோம். பழைய வரி இரசீதிலிருந்து வட்ட எண்ணையும் தெருவின் பழைய பெயரையும் எடுத்தோம். நகர நில அளவைப் பதிவேடு மாநகராட்சியிடம் இராது, வருவாய்த்துறையின் தாலுகா அலுவலகத்தில்தான் இருக்கும் என்று விசாரித்து அறிந்தோம். பிறகு இரண்டு மனுக்கள்: மாநகராட்சியின் தெருப் பதிவேட்டில் இத்தெரு உள்ள பக்கத்தின் நகல் ஒன்று, தாலுகாவில் இந்தச் சர்வே எண்ணுக்கான பதிவின் நகல் ஒன்று. இரண்டும் வந்தன. இரண்டிலும் அது பொதுத் தெரு. பெரியவர்கள் சொன்னது ஏட்டில் அப்படியே இருந்தது! பேச்சும் அத்தோடு அடங்கிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாங்களும் பாபிலோனில் தேடிக்கொண்டிருந்தோம். ஏட்டில் பாதி எக்பத்தானாவில் இருந்தது. எந்த இலாகாவில் எந்த ஏடு என்று அறிவதே பாதி வேலை. ஒருவேளை மனு தவறான அலுவலகத்துக்குப் போனாலும், அதை உரிய இடத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மிகப் பழைய அரசாணைகளும் நில வரி ஏடுகளும் எழும்பூரில், 1909-இல் எழுந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே ஆராய்ச்சியாளர் விண்ணப்பம் கொடுத்துப் படிக்கலாம்.

இனி நம் வீட்டுக் காரியம். ஏடு எழுதும் பழக்கத்தில் திருச்சபை எந்த நகராட்சிக்கும் பின்தங்கியதல்ல. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம், பங்குக்குரு திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டமும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகிய ஏடுகளை ஒவ்வொரு பங்கிலும் கேட்கிறது. பிறப்புச் சான்று இல்லாத முதியோர் எத்தனையோ பேர் நம் ஞானஸ்நான ஏட்டை நம்பி என்னிடம் வருகிறார்கள். எழுதிய உபதேசியாரின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை. அவருடைய மைக்கோடு மட்டும் ஒரு தாய்க்கு ஓய்வூதியம் வாங்கித் தர உதவுகிறது.

எனினும் கோயில் ஏடு ஊர் ஏட்டுக்கு ஈடாகாது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதிய வேண்டும். 2023-இல் வந்த திருத்தத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரவும், இன்னும் பல காரியங்களுக்கும், பிறந்த நாளுக்குச் சான்று பிறப்புச் சான்றிதழே. ஆகவே பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவரும் பெற்றோரே, மாநகராட்சிச் சான்றிதழையும் கையோடு கொண்டுவாருங்கள். பெயரின் எழுத்து இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று அன்றே பார்த்துவிடுவோம். இன்று ஓர் எழுத்துப் பிசகினால், நாளை அந்தப் பிள்ளைதான் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும்.

இத்தோடு இளைஞர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலிக்குப் பின், பங்கு அலுவலகத்தில் அமருங்கள். மனு எழுதத் தெரியாத ஏழைகளுக்கு எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பணிவாகக் கேளுங்கள், தெளிவாகக் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள். இதுவும் ஒரு பிறரன்புப் பணியே.

தெருவின் நகல்கள் இரண்டையும் பங்குப் பெட்டகத்தில், ஞானஸ்நான ஏடுகளுக்கு அருகே வைத்திருக்கிறேன். நூற்றாண்டு விழா மலரை எழுதப்போகும் பங்குக்குரு அவற்றைத் தேடி அலைய வேண்டாம். நம் பெயர்களைத் தம் வாழ்வின் ஏட்டில் எழுதும் இறைவன், இப்பங்கையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.