எண்களின் பொதுவுடைமை
உயிர்ச்சூழலாராய்ச்சி வரலாற்றில் ஓர் அதிகாரம்

இயற்கை பற்றிய அறிவு கண்டதிலே தொடங்கி, எண்ணிக் குறித்து வைத்ததிலே நிலைபெறுகின்றது. இரசாயனவியலாளன் இன்று செய்த பரிசோதனையை நாளையும் செய்து பார்க்கலாம். ஐயம் தோன்றின் அயல் நாட்டான் ஒருவன் அதனைத் தன் கூடத்திலே திரும்பச் செய்யலாம். உயிரினங்களை அவற்றின் சூழலோடு சேர்த்து ஆராய்பவனுக்கு அந்த வசதி இல்லை. சென்ற நூற்றாண்டின் மழையையும் பனியையும், அக்காலத்திற் பெருகிய விலங்கையும் மடிந்த பறவையையும் எவராலும் மீளக் கொணர்தல் இயலாது. எஞ்சி நிற்பது அன்று எழுதப்பட்ட கணக்கு ஒன்றே. ஆதலின், அக்கணக்கு எவர் கையில் இருந்தது, எவர் அதனைப் பார்க்க முடிந்தது என்னும் வினாக்கள் இத்துறையின் வரலாற்றிலே முதன்மை பெறுகின்றன. புள்ளிவிபரவியலின் வளர்ச்சியும் இவ்வினாக்களோடு பின்னிப் பிணைந்ததே. மூன்று கணக்கேடுகளின் வரலாற்றைக் கொண்டு இதனை ஈண்டு விளக்க முயல்வாம்.

1. வயலின் கணக்கு

இங்கிலாந்திலே ஹேட்போட்சயர் மாகாணத்திலுள்ள றொதம்ஸ்ரெட் என்னும் பண்ணையில், ஜோன் பெனற் லோஸ் என்னும் நிலக்கிழாரும் ஜோசப் ஹென்றி கில்பேட் என்னும் இரசாயனவியலாளரும் 1843 ஆம் ஆண்டு பசளைப் பரிசோதனைகளைத் தொடங்கினர். புறோட்போக் என்னும் வயலைப் பல பாத்திகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகைப் பசளையிட்டு, கோதுமை விளைவை ஆண்டுதோறும் நிறுத்து எழுதினர். 1856 இலே புல்வெளி ஒன்றிலும் இவ்வாறான பரிசோதனையைத் தொடங்கினர். அமோனியப் பசளை தொடர்ந்து பெற்ற பாத்திகளிலே புல் செழித்தது. ஆனால் அங்கு வளர்ந்த செடியினங்களின் தொகையோ குறைந்தது. சூழலியலாளர் இன்றும் எடுத்தாளும் சான்றுகளுள் இஃது ஒன்று.

தொடங்கியவர் இருவரும் மறைந்தனர். கணக்கெழுதுதல் மட்டும் நிற்கவில்லை. ஏடுகள் குவிந்தன. அவற்றிலிருந்து மேலும் ஏதேனும் பெறமுடியுமா என்று அறியும் பொருட்டு, பண்ணைத் தலைவர் ஜோன் றசல் 1919 இலே றொனால்ட் பிஷர் என்னும் இளங் கணிதரை அமர்த்தினார். பிஷர் 1852 முதல் 1918 வரையுள்ள 67 ஆண்டு விளைவுகளையும் எடுத்துக்கொண்டார். ஆண்டுக்காண்டு மாறும் வானிலையாலாய வேறுபாடு, மண்வளம் குன்றுதலாலாய மெதுவான வீழ்ச்சி, இவ்விரண்டிலும் அடங்காத மெதுவான ஏற்றவிறக்கங்கள் என அவ்வேறுபாடுகளைப் பகுத்துக் காட்டினார். மூன்றாவதற்குக் காரணம் களையாகலாம் என்பது அவர் கருத்து. முன்னர் வயலிற் களை பிடுங்கிய சிறுவர் கட்டாயக் கல்விச் சட்டங்களின் பின்னர்ப் பாடசாலைக்குச் சென்றமையையும் அவர் எண்ணிப் பார்த்தார். ஆசிரியத் தொழில் புரிவோர் இதனைப் படித்துப் புன்முறுவல் பூத்தல் கூடும்.

பிஷர் இவ்வேடுகளோடு உழன்றதன் பயனாகவே மாறற்றிறன் பகுப்பு முதலிய முறைகள் உருப்பெற்றன; 1925 இலே வெளிவந்த அவருடைய நூல் ஆராய்ச்சியாளருக்கெல்லாம் கைந்நூலாயிற்று. லோசும் கில்பேட்டும் பிஷரின் கணிதத்தை அறியார். எனினும் பயன் தெரியாத காலத்திலும் ஒழுங்காக எழுதி வைத்தமையால், பின் வந்த அறிவு பயில்வதற்கு அவர்கள் இடமளித்தனர்.

2. குருவியின் கணக்கு

இரண்டாவது கணக்கு மிகச் சிறியது; ஒரே நாளின் நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. 1898 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்துப் புறொவிடன்ஸ் நகரிலே கடும் பனிப்புயல் வீசியது. குளிரால் விறைத்து வீழ்ந்த ஊர்க்குருவிகள் 136 பிறௌண் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் 72 பிழைத்தன, 64 இறந்தன. ஹேமன் பம்பஸ் என்னும் விலங்கியற் பேராசிரியர் ஒவ்வொரு குருவியினதும் நீளம், சிறகின் விரிவு, நிறை, எலும்புகளின் அளவு என ஒன்பது அளவுகளை எடுத்தார். பிழைத்தவற்றையும் இறந்தவற்றையும் ஒப்பிட்டு, இயல்பான அளவிலிருந்து மிக விலகியவையே பெரும்பாலும் மாண்டன என்று முடிவு கூறினார். டார்வின் கூறிய இயற்கைத் தேர்வை எண்ணால் நிறுவ முயன்ற முதல் முயற்சிகளுள் இஃது ஒன்றாகும்.

1899 இலே தம் விரிவுரையை அச்சிட்டபோது பம்பஸ் முடிவை மட்டும் வெளியிட்டு அமையவில்லை. 136 குருவிகளின் அளவுகளையும் ஒன்றுவிடாமல் அட்டவணையாக அச்சிட்டார். சராசரிகளை மட்டும் தந்திருப்பின் அவர் கூற்றை நம்புவதா, விடுவதா என்பதன்றிப் பிறருக்கு வேறு வழி இருந்திராது. அட்டவணை இருந்தமையால், 1911 இலே ஒருவர் அதனை மீண்டும் ஆராய்ந்தார். 1972 இலே அமெரிக்க அறிஞர் சிலர் புதிய முறைகளால் அதனைச் சோதித்து, ஆணும் பெண்ணும் ஒரே வகையாகத் தேர்வுறவில்லை என்று கண்டனர்: ஆண் குருவிகளுள் உடல் பெரியவையே கூடுதலாகப் பிழைத்தன, பெண் குருவிகளிலேயே நடுத்தர அளவு நன்மை பயந்தது. 1983 இலே லான்டே, ஆர்னல்ட் என்னும் இருவர், ஒன்றோடொன்று தொடர்புற்ற பல உறுப்புகளின்மீது தேர்வு தொழிற்படுமாற்றை அளக்கும் முறையொன்றை வகுத்தபோது, எடுத்துக்காட்டாகக் கொண்டவற்றுள் இக்குருவிகளும் இடம்பெற்றன.

பம்பசின் முடிவு ஒரு பகுதி திருத்தம் பெற்றது. ஆனால் அவருடைய பெயர் அதனாற் குன்றவில்லை. தம்மைத் திருத்துவதற்கு வேண்டிய கருவியைத் தாமே பிறர் கையிற் கொடுத்தவர் என்ற பெருமை அவருக்கு நிலைத்தது.

3. தோல் வணிகரின் கணக்கு

மூன்றாவது கணக்கு விஞ்ஞானிகளால் எழுதப்பட்டதன்று. 1670 இலே அரச பட்டயம் பெற்ற ஹட்சன் குடாக் கம்பனியார் கனடாவிலே வேட்டையாடுவோரிடமிருந்து விலங்குத் தோல்களை வாங்கி இலண்டனில் விற்றனர். எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை தோல் வந்தது என்பதை, இலாப நட்டம் பார்க்கும் பொருட்டே, ஏட்டில் எழுதினர்.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாள்ஸ் எல்ரன் இளமையில் ஸ்பிற்ஸ்பேர்கன் தீவுகளுக்கு ஆராய்ச்சிப் பயணம் சென்றவர். நோர்வே நாட்டு எலிவகையொன்று சில ஆண்டுகளுக்கொருமுறை பெருகுவதை அந்நாட்டு நூலொன்றிற் கண்டு வியந்தார். பின்னர்க் கம்பனியாரின் தோற்கணக்கு வரைபுகளையும் கண்டார். கம்பனிக்கு ஆலோசகராகச் சில ஆண்டு பணிபுரியும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. எல்ரனும் மேரி நிக்கல்சனும் பழைய ஏடுகளைப் பல்லாண்டு துருவி, லிங்ஸ் என்னும் காட்டுப்பூனையின் கணக்கை 1942 இலே வெளியிட்டனர். மக்கென்சி ஆற்று மாவட்டத்துக்குரிய வரிசை 1821 முதல் 1934 வரை 114 ஆண்டு கொண்டது. 1821 இலே 269 ஆக இருந்த தொகை 1828 இலே 5943 ஆகின்றது. 1832 இலே 98 ஆக வீழ்கின்றது. 1904 இலே 6991 ஆக உயர்கின்றது. ஏறத்தாழப் பத்தாண்டுக்கொருமுறை இவ்வேற்றவிறக்கம் நிகழ்வதை எவரும் காணலாம்.

அச்சேறிய இவ்வெண்கள் பின்னர் உலகத்தார் அனைவருக்கும் பொதுவாயின. அவுஸ்திரேலியாவிலே பற்றிக் மொறன் 1953 இலே அவற்றை மடக்கையாக மாற்றி, ஓராண்டின் தொகை அதற்கு முந்திய ஈராண்டுகளின் தொகைகளைச் சார்ந்துள்ள வகையை ஆராய்ந்தார். காட்டையே காணாத கணிதரும் தத்தம் முறைகளை இவ்வரிசையிற் சோதித்தனர். 1980 இலே ஹவல் ரொங் என்பார், பெருகுங் காலத்துக்கு ஒரு விதியும் குறையுங் காலத்துக்கு வேறொரு விதியுமாக அமைத்த தம் முறைக்கும் இதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டார்.

4. எண் தரும் மயக்கம்

எண்ணைப் பொதுவாக்கினால் மட்டும் உண்மை தானே தோன்றிவிடும் என்று கொள்ளுதலும் தவறு. லிங்சின் முதன்மையான இரை பனிமுயல். முயல், லிங்ஸ் ஆகிய இரண்டின் கணக்குகளையும் ஒருங்கே வரைந்த வரைபு பாடநூல்களிலெல்லாம் இடம்பெற்று, இரையும் இரைகௌவியும் மாறிமாறிப் பெருகும் என்ற கொள்கைக்குச் சான்றாகப் போதிக்கப்பட்டது. 1973 இலே மைக்கல் கில்பின் அவ்வரைபைக் கணித முறையால் ஆராய்ந்து, அதன் ஒரு பகுதியிலே லிங்சின் பெருக்கம் முயலின் பெருக்கத்துக்கு முன்னே வருவதைக் காட்டினார். எண்களை அவ்வாறே நம்பினால் முயல்கள் லிங்சைத் தின்றன என்றே முடிவுசெய்ய வேண்டும்! அவர் தம் கட்டுரைக்கு இட்ட தலைப்பும் அவ்வினாவே.

முயல்கள் குற்றமற்றவை என்பது வெளிப்படை. குழப்பம் கணக்கின் பிறப்பிலேயே இருந்தது. முயற்கணக்கும் லிங்சுக் கணக்கும் ஒரே நிலப்பகுதிக்கு உரியன அல்ல. மேலும், வந்த தோலின் தொகை காட்டில் வாழ்ந்த விலங்கின் தொகையாகாது. விலை ஏறினும் வேட்டைக்காரர் பெருகினும் நோயுற்று வேட்டைக்குச் செல்லாதிருப்பினும் அது மாறும். எண்ணோடு எண்ணின் வரலாறும் கையளிக்கப்படாவிடின் பின் வருவோர் வழி தவறுவர் என்பதற்கு இதனினுஞ் சிறந்த பாடம் இல்லை. கணக்கு எழுப்பிய வினாவுக்கு விடை காண மீண்டும் காட்டுக்கே செல்லவேண்டியதாயிற்று. சாள்ஸ் கிறெப்சும் அவர் குழுவினரும் கனடாவின் யூக்கன் பகுதியிலே 1986 முதல் நடத்திய பரிசோதனையில், இரைகௌவிகளை விலக்கியபோது முயலின் செறிவு இருமடங்காயிற்று. உணவைக் கூட்டியபோது மும்மடங்காயிற்று. இரண்டையும் ஒருங்கே செய்தபோதோ பதினொரு மடங்காயிற்று. உணவும் பகையும் சேர்ந்தே அச்சுழற்சியை ஆக்குகின்றன என்பது இதனாற் புலனாயிற்று.

5. பூட்டிய பெட்டியும் பொதுக் களஞ்சியமும்

மேற்கூறிய மூன்று கணக்குகளும் நற்பேறு பெற்றவை. இருபதாம் நூற்றாண்டிலே எடுக்கப்பட்ட கணக்குகள் மிகப் பல கட்டுரையாசிரியரின் மேசை அறைகளிலேயே மறைந்தன. அச்சிடும் செலவை எண்ணிச் சஞ்சிகைகள் அட்டவணைகளைக் குறைத்தன. சராசரியும் வரைபும் மட்டுமே வெளிவந்தன. இவ்விழப்பின் அளவைத் திமதி வைன்சும் அவர் குழுவினரும் 2014 இலே வெளியிட்ட ஆய்வு காட்டியது. 1991 முதல் 2011 வரை வெளிவந்த 516 கட்டுரைகளின் தரவுகளை அவர்கள் ஆசிரியர்களிடம் வேண்டினர். கட்டுரைக்கு ஒவ்வோராண்டு வயது கூடுந்தோறும் தரவு எஞ்சியிருத்தற்கான வாய்ப்பு விகிதம் 17 வீதத்தாற் குறைந்தது. முகவரி மாறியதும், தரவைப் பதிந்த பழைய கருவிகள் வழக்கொழிந்ததும் இதற்குக் காரணங்களாயின.

இதனை உணர்ந்த சஞ்சிகைகள் சில, 2011 முதல், கட்டுரைக்கு ஆதாரமான தரவைப் பொதுச் சேமிப்பகத்தில் வைத்தல் வேண்டும் என விதித்தன. பிரித்தானியச் சூழலியற் சங்கத்தின் சஞ்சிகைகளும் 2014 இலே இவ்விதியை மேற்கொண்டன. நியூசிலாந்திலே இகாக்கா, ஜென்ரில்மன் என்னும் இருவர் ஆக்கிய ‘ஆர்’ என்னும் கணினி மொழி விலையின்றி வழங்கப்பட்டமையால், வறிய பல்கலைக்கழக மாணவனும் செல்வ நாட்டு ஆய்வாளனும் ஒரே கருவியாற் கணிக்கும் நிலை உண்டாயிற்று. அம்மொழியை நிறுவுவோன் எல்ரனின் 114 ஆண்டு லிங்சுக் கணக்கையும் உடன் பெறுகின்றான் என்பது குறிப்பிடத்தக்கது.

இதற்கு மறுப்புக் கூறினாரும் உளர். முப்பது நாற்பது ஆண்டு ஒரே காட்டிலே வெயிலிலும் மழையிலும் நின்று ஒரு விலங்கினத்தைத் தொடர்ந்து கணக்கெடுத்தவரின் உழைப்பை, காட்டை மிதியாத ஒருவர் ஓரிரவில் எடுத்து ஆராய்ந்து பெயர் பெறுதல் முறையோ என்று நீண்டகால ஆய்வாளர் பலர் 2015 இலே வெளிப்படையாக வினவினர். இம்மறுப்பு எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. சில ஆண்டுகாலம் தரவை வெளியிடாது வைத்திருக்க இசைதல், எடுத்தவரின் பெயரைக் கட்டுரைக்குப் போலவே தரவுக்கும் வழங்குதல் முதலியன இதற்குப் பரிகாரமாகக் கூறப்படுகின்றன. பயிரிட்டவனுக்கு உரிய பங்கைக் கொடாது களஞ்சியத்தை நிரப்ப முயல்வோர் மறுபோகத்திலே விதைப்பாரைக் காணார்.

ஆயினும் மறைத்தலாலாகும் தீங்கு இதனினும் பெரிது. 2020 இலே சிலந்திகளின் நடத்தை பற்றிய கட்டுரைகள் சில சஞ்சிகைகளிலிருந்து மீளப் பெறப்பட்டன. ஒரே எண்கள் ஒழுங்கற்று மீண்டும் மீண்டும் வந்தமையைப் பிறர் கண்டுபிடித்தனர். தரவு பொதுச் சேமிப்பகத்தில் இருந்திராவிடின் அக்குறை எவர் கண்ணிலும் பட்டிராது. அக்கட்டுரைகளின் இணையாசிரியர் சிலரே முன்வந்து பிழையை அறிவித்தமை விஞ்ஞான அறத்துக்கு அணி செய்வதாகும்.

எமது நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. சிங்கராசக் காட்டிலே 25 ஹெக்டேயர் நிலத்தை வரையறுத்து, ஒரு சென்ரிமீற்றர் விட்டத்துக்குக் குறையாத ஒவ்வொரு மரத்தையும் அளந்து இலக்கமிடும் பணி 1993 இலே தொடங்கியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தார் பங்குகொண்ட அப்பணி, பல நாடுகளின் காடுகளை ஒரே முறையால் அளந்து ஒப்பிடும் பெருமுயற்சி ஒன்றின் உறுப்பாகும். ஒரே முறையால் அளந்தமையாலேயே பனாமாவின் காட்டோடு சிங்கராசாவை ஒப்பிடல் இயலுகின்றது.

மாணவர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கது எளிதான ஒழுக்கமே. கள ஆய்வுக்குச் செல்லும்போது இடம், நாள், அலகு, அளந்த முறை என்பவற்றைத் தவறாது எழுதுக. எதிர்பார்த்ததற்கு மாறான எண்ணை அழித்துவிடாது, அதன் அருகே குறிப்பு எழுதுக. பரீட்சை முடிந்ததும் அவ்வேட்டை எறிந்துவிடாது நூலகத்திற் சேர்ப்பிக்க. புயலிற் சாய்ந்த 136 குருவிகளை அளந்தவர் தம் அட்டவணை எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஆராயப்படும் என்று கருதியிருத்தல் அரிது. நாம் எழுதும் கணக்கின் பயனை முடிவுசெய்யும் உரிமை நமக்கு மட்டும் உரியதன்று. நம்பின் வருவோர்க்கும் அதிற் பங்குண்டு என்பதே எமது துணிபு.