ஈரப்பலா தேடிய கப்பல் – 3: கொட்டை இல்லாத காய்

1788 அக்டோபர் 26 அன்று ‘பவுண்ட்டி’ கப்பல் தாஹிட்டித் தீவில் நங்கூரம் பாய்ச்சியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். கரீபியக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் வயிற்றை மலிவாக நிரப்ப முதலாளிகள் கேட்ட மரம், கேப்டன் வில்லியம் பிளையின் கண்ணெதிரே காய்த்துத் தொங்கியது. கொட்டைகளை மூட்டை கட்டிக்கொண்டு மறுவாரமே திரும்பியிருக்கலாமே?

முடியாது. தாஹிட்டிக்காரர்கள் வளர்த்த ஈரப்பலாவில் கொட்டையே இல்லை. நம் பலாவுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். கீறினால் அதே பிசுபிசுப்பான பால். ஆனால் பசிபிக் தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாக வேர்க்கன்றுகளைத் தோணியில் ஏற்றி, தீவுக்குத் தீவு நட்டு, கொட்டையில்லாத மரங்களையே பெருக்கியிருந்தார்கள். முற்றிய காயை முழுசாகத் தணலில் சுட்டு, கரிந்த தோலைச் சுரண்டினால் உள்ளே மாவுச் சதை. மிஞ்சியதைக் குழியில் புதைத்துப் புளிக்கவைத்தால் காய்ப்பில்லாத மாதங்களுக்கும் சாப்பாடு. இலங்கையில் இதைத் தேங்காய்ப்பாலில் கறி வைக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்தக் காய்க்கு அதுதான் உரிய மரியாதை!

ஆக, கன்றுகளை உயிரோடுதான் கொண்டுபோக வேண்டும். கியூ தோட்டத்திலிருந்து வந்த டேவிட் நெல்சன் கன்று கன்றாகத் தொட்டியில் வைத்தார். அவை வேர்பிடிக்க வேண்டும், காற்றும் திரும்ப வேண்டும். ஐந்து மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. உப்புக்கண்டம் தின்று வந்த மாலுமிகள் அதற்குள் கரையில் குடித்தனமே நடத்தத் தொடங்கியிருந்தார்கள். கரையில் கன்றுகளுக்குக் காவலிருந்த குழுவின் தலைவர் ஃபிளெட்சர் கிறிஸ்டியன். பின்னால் நடந்ததற்கெல்லாம் பிளையின் நாக்கைக் குற்றம் சொல்வது வழக்கம். அந்தக் காயில் கொட்டை இருந்திருந்தால் அந்த நாக்குக்கு அவ்வளவு வேலை இருந்திருக்காது என்பேன்.

1789 ஏப்ரலில் 1,015 கன்றுகளோடு கப்பல் புறப்பட்டது. தலைமை அறையே நாற்றங்கால். தொட்டிகளில் வடியும் நீரைக்கூடக் குழாய் வழியே பிடித்து மறுபடி ஊற்றினார்கள். ஏப்ரல் 27 அன்று மேல்தளத்தில் குவித்திருந்த தேங்காய்கள் குறைவதாகப் பிளைக்குச் சந்தேகம். எல்லோர் முன்னிலையிலும் கிறிஸ்டியனைத் திருடன் என்றார்.

மறுநாள் விடிவதற்கு முன்பு பிளையின் அறைக்குள் ஆயுதங்களோடு சிலர் நுழைந்தார்கள். முன்னால் நின்றவர் கிறிஸ்டியன். பிளையையும் 1,015 கன்றுகளையும் அவர்கள் என்ன செய்தார்கள்?

அடுத்த வாரம்.