கரை தாண்டியும் தொடரும் கண்காணிப்பு

மும்பைக் கரையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர் மேற்கே, அரபிக்கடலின் நடுவே இருக்கிறது மும்பை ஹை. 1974-இல் சாகர் சாம்ராட் என்ற துளையிடும் ரிக் எண்ணெய் கண்ட இடம் அது. 1976 முதல் உற்பத்தி நடக்கிறது. அங்கே பணிக்குப் போகும் பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஜூஹு விமானத் தளத்தில் ஹெலிகாப்டர் ஏறுகிறார்கள். அவர்களுடைய பயணத்தைப் பற்றி நாம் பேசுவது பெரும்பாலும் விபத்து நேர்ந்த பிறகுதான்.

2018 ஜனவரி 13 அன்று ஜூஹுவிலிருந்து கிளம்பிய பவன் ஹன்ஸ் டாஃபின் ஹெலிகாப்டர் சிறிது நேரத்திலேயே தொடர்பு அறுந்து கடலில் விழுந்தது. ஓ.என்.ஜி.சி. அதிகாரிகள் ஐவரும் விமானிகள் இருவரும் மாண்டனர். 2022 ஜூன் 28 அன்று ஒன்பது பேருடன் போன சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர் சாகர் கிரண் ரிக்கை நெருங்கும் வேளையில் கடலில் விழுந்தது. நால்வர் இறந்தனர், ஐவரை ரிக்கின் மீட்புப் படகும் மாளவியா-16 கப்பலும் காப்பாற்றின. இரண்டும் வெவ்வேறு விதமான விபத்துகள். ஒன்றை வைத்து மற்றதை எடைபோடுவது முறையல்ல. என்றாலும் இரண்டாவது விபத்தில் விழுந்த இடம் தெரிந்திருந்தது, உதவியும் பக்கத்திலேயே இருந்தது. திறந்த கடலில் விழுந்த இடம் தெரிவதையாவது எப்போதும் உறுதிசெய்ய முடியுமா என்பதே நம் கேள்வி.

ரேடாரால் முடியாது. அதன் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை, பூமியோ வளைந்தது. கடல்மட்டத்தை ஒட்டிய ஒரு ரேடார், 1,000 அடி உயரத்தில் பறக்கும் ஹெலிகாப்டரைச் சுமார் 70 கிலோமீட்டர் வரைதான் பார்க்கும். 500 அடிக்கு இறங்கினால் 50 கிலோமீட்டர். ஆண்டெனாவைக் குன்றின்மேல் ஏற்றினால் இந்தத் தூரம் கூடும். ஆனாலும் ரிக்கில் இறங்கத் தாழ்ந்து வரும் கட்டத்தில், அதாவது ஆபத்து மிகுந்த கட்டத்தில், ஹெலிகாப்டர் தொடுவானத்துக்குக் கீழே போய்விடுகிறது. முப்பதாயிரம் அடிக்குமேல் பறக்கும் பயணிகள் விமானத்துக்கு இந்தத் தொல்லை குறைவு.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஏ.டி.எஸ்-பி. ஹெலிகாப்டர் தன் இடத்தை ஜி.பி.எஸ். மூலம் தானே கணக்கிட்டு, உயரம், வேகம், அடையாளம் ஆகியவற்றோடு 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பிக்கொண்டே போகும். இடத்தைச் சொல்லும் செய்தி மட்டும் நொடிக்கு இரண்டு முறை வெளியாகிறது. கேட்பதற்கு ஒரு சிறிய ஏற்பி போதும். அந்த ஏற்பியைக் கடலில் எங்கே வைப்பது?

மெக்சிகோ வளைகுடாவில் அமெரிக்கர்கள் கண்ட விடை எண்ணெய் மேடைகள். 2006-இல் அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகமும் ஹெலிகாப்டர் நிறுவனங்களும் மேடை உரிமையாளர்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். மேடைகளில் இடமும் மின்சாரமும் நிறுவனங்கள் தந்தன. ஏற்பிகளையும் வானிலைக் கருவிகளையும் வானொலித் தொடர்பையும் அரசு அமைத்தது. 2009 டிசம்பரில் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையம் அந்த ஏற்பிகளின் துணையோடு விமானங்களைப் பிரித்து நடத்தத் தொடங்கியது. அதற்கு முன், மேகம் மூடிய நாளில் ஒரு ஹெலிகாப்டருக்காகப் பெரிய வான்பரப்பையே ஒதுக்கிவைக்க வேண்டியிருந்தது. பிறகு ஐந்து கடல் மைல் இடைவெளி போதுமானதாயிற்று. கண்காணிப்பு, பேச்சு, வானிலை மூன்றையும் ஒரே திட்டத்தில் சேர்த்துச் செய்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். ஹெலிகாப்டர் திரையில் தெரிந்தும் விமானியிடம் பேச வழியில்லை என்றால் கட்டுப்பாட்டாளரால் என்ன செய்ய இயலும்?

ஆனால் மேடைகளும் புயலுக்குத் தப்புவதில்லை. 2005-இல் கத்ரீனா, ரீட்டா இரண்டும் அதே வளைகுடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட மேடைகளை அழித்தன. மேடையே இல்லாத ஆழ்கடலில் புதிதாகத் துளையிடப் போகும் கப்பலுக்குப் பறக்கும் வழியில் ஏற்பியும் கிடையாது. இங்கேதான் செயற்கைக்கோள் தேவைப்படுகிறது.

விண்ணிலிருந்து ஏ.டி.எஸ்-பி. ஒலிபரப்பைக் கேட்க முடியும் என்பதை 2013-இல் ஐரோப்பாவின் புரோபா-வி செயற்கைக்கோள் காட்டியது. மறு ஆண்டு மார்ச்சில் எம்.எச். 370 பயணிகள் விமானம் மறைந்தது உலகை உலுக்கியது. 2015-இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விண்வழிக் கண்காணிப்புக்கும் ஒதுக்கியது. ஏரியான் நிறுவனத்தின் ஏற்பிகளைத் தாங்கிய புதிய இரிடியம் செயற்கைக்கோள்கள் 2017 முதல் 2019 வரை ஏவப்பட்டன. 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் 66 செயற்கைக்கோள்கள் துருவங்களையும் சேர்த்துப் பூமி முழுவதையும் பார்க்கின்றன. 2019 ஏப்ரலில் வட அட்லாண்டிக்கில் இது நடைமுறைக்கு வந்தது. மும்பை, சென்னை, கொல்கத்தா மையங்களின் பொறுப்பிலுள்ள கடல் வான்பரப்புக்காக நம் விமான நிலைய ஆணையமும் ஏரியானோடு ஒப்பந்தம் செய்திருக்கிறது.

இதன் பயனைக் கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 140 கடல் மைல் வேகத்தில் போகும் ஹெலிகாப்டர் நிமிடத்துக்கு நாலு கிலோமீட்டருக்குமேல் கடக்கிறது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை விமானி வாய்மொழியாக இடம் சொல்லும் வழக்கத்தில், கடைசிச் செய்திக்குப் பின் அவர் 65 கிலோமீட்டர் வரை போயிருக்கலாம். எட்டு நொடிக்கு ஒருமுறை இடம் பதிவானால் அந்தத் தூரம் சுமார் 600 மீட்டராகச் சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில் உயிர்காப்பு உடையோடு மிதப்பவருக்கு இந்த வேறுபாடுதான் உயிர். விபத்தில் தானே இயங்க வேண்டிய 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி, கவிழ்ந்து மூழ்கும் ஹெலிகாப்டரோடு தானும் மூழ்கிவிட்டால் அதன் குரல் விண்ணை எட்டாது. விழுவதற்கு முன்பே பதிவாகிவிட்ட தடம் மூழ்குவதில்லை.

செயற்கைக்கோளே போதும் என்று நான் சொல்லவில்லை. அது மேலிருந்து கேட்கிறது. பல வானூர்திகளில் ஆண்டெனா வயிற்றுப் பக்கத்தில் இருக்கிறது. கனடா 2023-இல் உயர்வான்பரப்பில் ஏ.டி.எஸ்-பி.யைக் கட்டாயமாக்கியபோது மேல்நோக்கி ஒலிபரப்பும் வசதியையும் சேர்த்தே கேட்டது. ஹெலிகாப்டருக்குத் தலைக்குமேல் சுழலும் இறக்கைகள் வேறு அலைகளை இடைமறிக்கும். ஆகவே ஆண்டெனாவின் இடமும் ஒலிபரப்பின் வலுவும் ஒவ்வொரு வகை ஹெலிகாப்டரிலும் தனித்தனியே பறந்து சோதிக்கப்பட வேண்டியவை. ஜி.பி.எஸ். சமிக்ஞையை எவரேனும் திரித்தால் ஏ.டி.எஸ்-பி.யும் தவறான இடத்தையே சொல்லும். மேடைகள் இருக்கும் எண்ணெய் வயலில் மேடை ஏற்பிகளும் வானொலியும், அவற்றுக்கு அப்பால் செயற்கைக்கோளும் என்று இரண்டும் சேர்ந்திருப்பதே சரியான ஏற்பாடு.

நிறுவனங்கள் தங்கள் ஹெலிகாப்டர்களைச் செயற்கைக்கோள் வழியே தாமே பின்தொடரும் கருவிகள் பல ஆண்டுகளாகவே சந்தையில் உள்ளன. அந்தத் தடம் நிறுவன அலுவலகத்தின் திரையோடு நின்றுவிடக்கூடாது. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடமும், மும்பையில் கடலோரக் காவல்படை நடத்தும் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்திலும் அதே நேரத்தில் தெரிய வேண்டும். கடல்வயல்களுக்கு ஹெலிகாப்டர் அமர்த்தும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் மேற்புற ஆண்டெனாவையும் இந்தத் தடப்பகிர்வையும் பேரம்பேச இடமில்லாத நிபந்தனைகளாக எழுதுங்கள் என்று எண்ணெய் நிறுவனங்களையும் விமானப் போக்குவரத்துத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.