ஒருவர் சொல்லப் பலர் கேட்பது

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றிப் பலரும் பேசியுள்ளனர். அத்துறைமுகத்தை நம்பிய கப்பல்கள் செய்தி கேட்ட முறையைப் பற்றிப் பேசியோர் சிலரே. இக்காலக் கணினி வலையமைப்பின் சிக்கல் ஒன்றை விளங்கிக்கொள்ள அம்முறை பெரிதும் உதவும்.

ஹெர்மீஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், வரவிருந்த தாக்குதலுக்குத் தப்பும்பொருட்டு 1942 ஏப்பிரல் 8ஆம் நாள் திருகோணமலையை விட்டு வெளியேறியது. மறுநாள் யப்பானிய வேவு விமானம் அதனைக் கண்டது. மட்டக்களப்புக் கரைக்கப்பால் அது மூழ்கியது; 300 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். காட்டிக்கொடுத்தது வானொலி அன்று, விமானியின் கண். ஆயினும் கடலிலே இருப்பிடம் வெளிப்படுவதன் விலை அதுவே. வானொலியிற் பேசும் கப்பலின் திசையை அளக்கும் கருவிகள் போரிட்ட நாடுகளிடம் இருந்தன.

ஆகவே, கரை நிலையம் பல கப்பல்களுக்குரிய செய்திகளையும் இலக்கமிட்டு ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பும். கப்பல்கள் கேட்கும், மறுமொழி கூறா. 41க்குப் பின் 43 வந்தால், 42 தவறியதெனத் தந்தியாளர் தாமே அறிவார்.

1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. 1984இல் ஜேர்மனியின் டொயிச்ச வெல்ல நிறுவனம் இம்மாவட்டத்துப் பேர்காராவில் அஞ்சல் நிலையம் அமைத்தது. பின்னர் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தைச் சேர்ந்தது. அங்கிருந்த 400 கிலோவாற்று மத்திய அலை அனுப்பியை ஒருவர் கேட்டாலும் இலட்சம் பேர் கேட்டாலும் மின்செலவு ஒன்றே.

வானம் பொது, கம்பி அவ்வாறன்று. கம்பிவழியிலும் ஒருமுறை அனுப்பிக் குழுவினர் அனைவரையும் அடையும் மல்ட்டிகாஸ்ட் முறையை 1989இல் ஸ்டீவ் டீரிங் வகுத்தளித்தார். ஆனால் கணினிகளை இணைக்கும் ஆளி, எந்த வாயிலில் எவர் கேட்கின்றார் என அறியாது. அறியாதபோது எல்லா வாயில்களிலும் கொட்டிவிடும். துறைமுக அலுவலகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கண்காணிப்புக் கமராக்களின் காட்சி, அதனை வேண்டாத அச்சுப்பொறிக்கும் சென்று வழியை அடைக்கும்.

இதற்குக் கண்ட மருந்து ஒட்டுக்கேட்டல். கேட்க விரும்பும் கணினி, 'இக்குழுவிற் சேர்ந்தேன்' என்று ஐ.ஜி.எம்.பி. என்னும் நெறிப்படி ரவுட்டருக்கு அறிவிக்கும். இடையில் நிற்கும் ஆளி அதனை ஒட்டுக்கேட்டு, அவ்வாயிலைப் பட்டியலிற் பதிந்துகொள்ளும். ரவுட்டரோ வழக்கமாக 125 விநாடிக்கு ஒருமுறை, இன்னும் எவர் உளர் என வினவும். 260 விநாடி விடை வராத வாயில் நீக்கப்படும்.

பழைய முறை இங்கே தலைகீழாகின்றது. போர்க்கப்பல் வாய்பேசாதிருந்து தன்னைக் காத்தது. கணினி பேசாதிருந்தால் காட்சியை இழக்கும். ரவுட்டர் இல்லாத சிறு வலையமைப்பில் வினவுவோர் இல்லை; ஆகவே விடையும் இல்லை. காட்சி நான்கு நிமிடம் செவ்வனே ஓடித் திடீரென நிற்கும். பாவம், கம்பியின் மீதே பழி விழும்! ஆளி ஒன்றையே வினவுவோனாக அமர்த்தினால் காட்சி நில்லாது ஓடும்.

224.0.0 எனத் தொடங்கும் முகவரிகளை மட்டும் இவ்வாறு வடிகட்டலாகாது என 2006இல் வெளியான வழிகாட்டி கூறுகின்றது. ரவுட்டர்கள் ஒன்றையொன்று அறிவது அவற்றின் வழியே. கேட்போர் பலர் தாம் சேர்ந்ததை அங்கே அறிவிப்பதும் இல்லை.