மூன்றாவது நாடா

காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அது கோர்வை. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் அருகில் இன்னொருவர் உட்கார வேண்டும். சுற்று ஊர்களில் பல காலம் அந்த இன்னொருவர் ஒரு குழந்தை. முன்பணம் வாங்கிய வீட்டில் கேட்கவே வேண்டாம்.

தாமல் போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி வரலாற்றை நான் வருகைப் பதிவேட்டில் தேடுவதில்லை, தறிக்குழியில் தேடுகிறேன். 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வீட்டார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு விலக்களித்தது. அப்பாவுக்கு நாடா எறியும் மகள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே அல்ல! சமையலையும் இப்படித்தானே கணக்கில் விட்டார்கள்?

1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் தந்தது. தேவதாசி முறையை எதிர்த்தவரின் பெயரில் கல்யாணச் செலவு. எனக்கு அது உறுத்தல்தான். ஆனாலும் மகளை எட்டு வரை பள்ளியில் வைத்திருக்க வீட்டுக்கு அது ஒரு காரணமானது. 2022இல் அதே பெயரில் திட்டம் மாறியது: அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவளுக்கு, கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய். பணம் அவள் கணக்கிலேயே விழுகிறது.